மிதக்கும்னு சொல்ல மாட்டேன்னுட்டா

...இல்லக்கா, உங்க பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல. கோவம் இருந்தா ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, இப்படிப் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசுவேனா? அந்த நாற்காலி ஆடும், சுவரோட சாஞ்சுக்குங்க. எல்லாமே மூணாங்கிளாஸ் அளவுதான் இங்க. வாளிய மட்டும் மிதிச்சுடாதீங்க, தண்ணி இருக்கு.

எனக்குக் கோவம் இந்த ஸ்கூல் மேல. நான் பல்கலைக்கழகத்துலருந்து பயிற்சிக்கு வந்தவ. முதல் நாள் உள்ள நுழையறேன், இந்த வகுப்பு டீச்சர் வானம் என்ன நிறம்னு கேக்குறாங்க, மொத்தக் கிளாஸும் நீலம்னு பாடுது. வெளிய மழை கொட்டுது. கருகருன்னு கெடக்கு வானம். ஒரு புள்ள கூடத் திரும்பிப் பாக்கலக்கா. கிளி பரவால்ல, அதுவாவது ஜன்னலப் பாக்கும். அன்னிக்கே சண்டை போட்டேன். நீ புதுசு, போகப் போகத் தெரியும்னாங்க. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிச்சு. கரும்பலகை மேல பெருசா எழுதிப் போட்டேன்: 'யார் சொன்னாலும் நம்பாதே. செய்து பார்.' இதோ, இன்னும் அழிக்கல பாருங்க.

அதுலருந்து புள்ளைங்க கேள்வியா கேட்டுத் துளைக்குதுங்க. மணியடிக்கிறவர்கிட்டப் போயி, பத்து மணியானதால அடிச்சீங்களா, நீங்க அடிச்சதால பத்தாச்சான்னு கேட்ருக்குதுங்க. அவர் இப்ப என்கூடப் பேசுறதே இல்ல. போகட்டும். யோசிக்கிற புள்ளைங்க வேணும்னா நாலு பேர் மூஞ்சியத் தூக்கத்தான் செய்வாங்க. என்ன சொல்ல வந்தேன்... ஆங், நேத்து.

நேத்து எங்க பேராசிரியர் நான் பாடம் நடத்துறதப் பாக்க வந்தார். அவர் சரின்னு சொன்னாத்தான் எனக்குப் பயிற்சி முடியும், இல்லன்னா இன்னொரு வருஷம். கடைசி பெஞ்சுல, முட்டி தாடையில இடிக்க உக்காந்திருக்கார். நான் இந்த வாளிய வெச்சு, எது மிதக்கும், எது முழுகும்னு கேக்குறேன். புள்ளைங்க ஆளாளுக்கு யோசிச்சுச் சொல்லுதுங்க. கட்டை மிதக்கும், சாவி முழுகும்... அருமையாப் போச்சுக்கா. அப்பதான் உங்க பொண்ணு முறை. அவ கல்லு மிதக்கும்னு சொல்லணும். நான் ஏன்னு கேப்பேன். அவ போட்டுப் பாப்பா, முழுகும், நான் நெனச்சது தப்பு மிஸ்னு சொல்லிட்டு உக்காரணும். அவ்வளவுதான்.

...ஆமா, 'சொல்லணும்'தான். முந்தின நாளே சொல்லிக் குடுத்திருந்தேன். அவளுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். யாராவது ஒருத்தர் தப்பா சொன்னாத்தானக்கா யோசிக்கிற வகுப்பு மாதிரி இருக்கும்? ஒத்திகை பாக்காம இந்த உலகத்துல யாரு...

எழுந்து நிக்கிறா. கையில கல்லு. என்ன சொன்னா தெரியுமா? "மிஸ், இது முழுகும். வீட்ல போட்டுப் பாத்துட்டேன். எங்க பாத்ரூம்ல இருக்குற கல்லுதான் மிதக்கும். நான் எதச் சொல்லட்டும்?"

கடைசி பெஞ்சுலருந்து ஒரு இருமல். "கல்லு எங்கயாச்சும் மிதக்குமா, சொன்னதச் சொல்லிட்டு உக்காரு"ன்னுட்டேன்.

சொன்னதச் சொல்லுன்னு. நான். இந்தப் பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டு.

அவர், நாளன்னிக்கு மறுபடி வர்றேன், இதே பாடம், இதே புள்ளைங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அதான்க்கா, உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. நாளைக்கு ஒரு நாள் அவளுக்கு லீவு போட்டுடுங்க. ஜலதோஷம், வயித்துவலி, ஏதாவது...

என்னக்கா பைக்குள்ள தேடுறீங்க? இது என்ன, குதிகால் தேய்க்கிற கல்லு? அவ குடுத்து விட்டாளா? இருங்க, அத எதுக்கு வாளிக்குள்ள...

...மிதக்குது.

விரலால அமுக்கினா உள்ள போயிட்டு மறுபடி வருது. வந்து நிக்குது பாருங்க, திமிரா, உங்க பொண்ணு மாதிரியே.

சரிக்கா. லீவெல்லாம் வேணாம். அனுப்புங்க. கல்லையும் அவளே கொண்டு வரட்டும். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லி அனுப்புங்க: இது ஏன் மிதக்குதுன்னு என்கிட்டக் கேக்க வேணாம், பின்னாடி உக்காந்திருப்பாரே, அந்த சார்கிட்டக் கேக்கச் சொல்லுங்க...

சரி, சரி. அப்படிப் பாக்காதீங்க. அவ யார்கிட்ட வேணா கேக்கட்டும்.