வெளி வரிசைக் கீரை

"முயலுக்குத் தெரியுமா மதினி, இது சத்யாவுக்குன்னு வச்ச கீரை, வாய் வைக்கக் கூடாதுன்னு..."

"அதுக்குத் தெரியாது. வலையை அறுத்துவிட்ட உனக்குத் தெரியும்ல..."

"கழுத்துல இறுகிக் கெடந்துச்சு மதினி. பாத்துட்டு சும்மா போகச் சொல்றீகளா?"

"பாக்காமப் போயிருந்தா என் தோட்டம் இருந்திருக்கும்."

"எப்பப் பாரு தோட்டம் தோட்டம்னுட்டு. இதுல வெளஞ்சதத் தின்னா மட்டும் புள்ள நின்னுருமா?"

வியாழக்கிழமை காலையில் நானும் சோணையம்மாளும் பேசிக்கொண்டது இவ்வளவுதான், தாயி. அவள் முடிக்குமுன் நான், நான் முடிக்குமுன் அவள். கடைசியாக அவள் சொன்னது ஒன்றைத்தான் நான் முழுசாகக் கேட்டேன். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தடுத்த வீட்டில் பதினாறு வருசம் இருந்திருக்கிறோம். அவள் கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் சத்யப்ரியாவுக்கு மூன்று தடவை தங்கவில்லை. மூன்றாவது, ஐந்து மாசத்தில் போனது. தல்லாகுளத்து டாக்டரம்மா, கடைக் காயில் அடிக்கிற மருந்துதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார். அப்படியானால் வேறு என்ன காரணம் என்று கேட்டேன். அவர் இன்னொரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பதில் என்னிடம் இருந்தது. நாலாவது தரித்ததும் மாப்பிள்ளையிடம் சொல்லிப் பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பிரசவம் வரைக்கும் என் கையால் விளைந்ததைத் தவிர வேறு பச்சை அவள் வாயில் படாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடு கோச்சடை தாண்டி, புதுசாகப் பிளாட் போட்ட இடத்தை ஒட்டி. அது முன்னே புதராகக் கிடந்த நிலம். புல்டோசர் வந்து வழித்துப் போட்ட பிறகு அங்கே இருந்த முயலுக்கெல்லாம் ஒதுங்க நிழலும் இல்லை, கடிக்கப் புல்லும் இல்லை. என் பாத்தியில் முளை விட்ட நாலாம் நாளே வந்துவிட்டன. மாடு மேய்ந்தால் பிய்ந்திருக்கும். இது கத்தரியால் வெட்டினதுபோல் சாய்வாக இருக்கும், பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை. அவரைக் கொழுந்து, சிறுகீரை, முள்ளங்கி இலை. கத்திரியையும் தக்காளியையும் மட்டும் தொடவில்லை.

நான் ஆத்திரப்படவில்லை. திட்டம் போட்டேன். நோட்டில் கோடு கிழித்து, பிடிக்காததை ஓரத்தில் வைத்தேன்: வெங்காயம், பூண்டு, மிளகாய், அதற்கு வெளியே செண்டுப்பூ. பிடித்ததையெல்லாம் நடுவில் வைத்தேன். சுற்றிக் கருவேல முள். முள்ளுக்குள் கோழி வலை, ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்து. சோணையம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, கலெக்டர் ஆபீசுக்கே இம்புட்டுக் காவல் கிடையாது மதினி என்று சிரித்தாள். அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். வேலிக்கு வெளியே ஒரு வரிசை கீரை அதுகளுக்கென்றே போடுங்கள், வயிறு நிறைந்தால் உள்ளே எதற்கு வரப்போகிறது என்றாள். போட்டேன். மூன்று வாரம் உள்ளே ஒரு இலைகூடக் குறையவில்லை.

அப்புறம் குட்டி போட்டிருக்கும்போல. வெளி வரிசை அதுகளுக்குப் பத்தவில்லை. முள்ளை விலக்கி வலையில் முட்ட ஆரம்பித்தன. ஒன்று மாட்டிக்கொண்டது. அதைத்தான் சோணையம்மாள் வலையை அறுத்து விடுவித்தாள். அறுத்ததை என்னிடம் சொல்லவில்லை, வியாழக்கிழமை கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் உள்ளே கீரையெல்லாம் வெறும் காம்பு. சத்யாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் கடையில் அரைக்கீரை வாங்கிக்கொடுத்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் சத்யாவுக்குச் சேலையில் கறை. டாக்டரம்மா ஊசி போட்டார், நின்றுவிட்டது. ஆனால் அது நிற்கும்வரை நான் என்னவாக இருந்தேன் என்பதை உங்கள் ஸ்டேஷன் தாளில் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை மருந்து வாங்கினேன், வயலுக்கு அடிக்கிறது. உள்பாத்தியில் ஒரு சொட்டுப் படக்கூடாது என்று காற்று அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி துளிர்த்திருந்த வெளி வரிசைக்கு மட்டும் அடித்தேன். சேலையை மாற்றி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைக்கு முயல் வரவில்லை. வாடை பிடித்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். சோணையம்மாள் முறத்தோடு வந்து வெளி வரிசையில் குனிந்து பறித்தாள். எங்கள் பக்கம் வேலிக்கு வெளியே முளைத்த கீரையை யாரும் யாரையும் கேட்காமல் பறிக்கலாம், அது திருட்டு ஆகாது. பத்தடி தூரம்தான் இருக்கும். அவள் என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. அவள் சொன்ன சொல்லுக்கு அவள்தானே முதலில் பேச வேண்டும்? நான் அடுத்த குச்சியை நட்டேன்.

மத்தியானம் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். சண்டை போட்டவர்கள் எங்கள் பக்கம் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து நிற்போம். மாசமாக இருப்பவளுக்கென்று சமைத்தால் அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சமைத்தவள் சாப்பிடுவாள். சோணையம்மாள் அதில் கறார். முதல் மூன்று தடவையும் அப்படித்தான் செய்தாள். அன்றைக்கும் முகத்தைப் பார்த்தாலே பசி தெரிந்தது.

"புள்ளைக்குக் கீரை கடஞ்சேன் மதினி. ஒரு வா சாப்புடச் சொல்லுங்க. அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்காதீக."

சத்யா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சட்டியை வாங்கிக்கொண்டு, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். தோட்டத்துக்கு எட்டாத மூலையில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி ஊற்றி, மண்ணைத் தள்ளி, மேலே கல்லை வைத்தேன். கோழி கொத்திவிட்டால் பாவம். சட்டியைக் கழுவினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது முறையில்லை என்று நாலு தக்காளி போட்டேன். அது உள்பாத்தித் தக்காளி. அதில் ஒன்றும் கிடையாது.

"சாப்புட்டாளா மதினி?"

"சாப்புட்டா. நல்லாருக்குன்னா. நீ போய்ச் சாப்புடு சோணை."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாலு மணிக்கு, வேலையிலிருந்து திரும்பிய அவள் புருசன் காளை கூப்பாடு போடுகிற சத்தம் கேட்டது. ஆம்புலன்சில் ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன மருந்து என்று அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் சத்யாவுக்கும் தெரியும். அந்த அதிர்ச்சியை அவள் வயிறு தாங்குமா? டாக்டர்கள் படித்தவர்கள், தாமே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நினைவு தப்புவதற்கு முன்னால் சோணையம்மாள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "சத்யாவும் சாப்புட்டுருக்கா, அவளப் பாருங்க" என்று காளையின் சட்டையைப் பிடித்து உலுக்கினாளாம். அவர் போன் போட்டு, இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து என் பிள்ளையைத் தூக்கிப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நான் கீரையே சாப்பிடவில்லையே, அம்மா என்னிடம் தரவே இல்லையே என்று அவள் சொன்னாள். அங்கேதான் நீங்கள் நோட்டை எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சோணையம்மாள் போய்விட்டாள்.

நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரிந்துதான் அனுப்பினேன். பறிக்கும்போது தெரியும், சட்டியை வாங்கும்போது தெரியும், போய்ச் சாப்பிடு என்று சொல்லும்போதும் தெரியும். அந்த ஒரு சொல் நான் சொல்லியிருக்காவிட்டால் அவள் ராத்திரி வரைக்கும்கூடப் பசியோடு காத்திருந்திருப்பாள். ஆனால் அடித்தது முயலுக்குத்தான், தாயி. அதை மாற்றி எழுதாதீர்கள்.

வாசித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட எனக்குத் தெரியும், பேனாவைக் கொடுங்கள். சத்யாவை மாப்பிள்ளை கூட்டிப்போய்விட்டாராம். என் தோட்டத்துக் காயைத் தொடமாட்டேன் என்கிறாளாம். அங்கே தினமும் மார்க்கெட்டில் வாங்கித்தான் சமைக்கிறார்களாம்.

"நீங்களாவது ஒரு எட்டுப் போயி சொல்லுங்க தாயி. கடைக் கீரையில மருந்து அடிச்சிருப்பாங்க, திங்க வேணாம்னு அவகிட்டச் சொல்லுங்க."