நாப்பது நாள் ரிப்பேர்

— டிபன் பாக்ஸைத் திறங்கண்ணே.

— மணி பத்துதானே பாப்பா ஆகுது. இப்ப எதுக்குச் சாப்பாடு?

— பசிக்குதான்னு நான் கேக்கலை. திறங்கன்னேன். மேல் அடுக்கு இல்லை, அடி அடுக்கு.

— அடியில காலிதான்.

— காலி டப்பா ஏன் கடகடன்னு சத்தம் போடுது?

— நான் என்ன சொல்ல வர்றேன்னா பாப்பா...

— பாப்பான்னு கூப்பிடாதீங்க. போன மாசத்துலேர்ந்து இந்த ஐஸ் ஃபேக்டரிக்கு நான்தான் முதலாளி. நீங்க இங்க மெக்கானிக்.

— சரிங்க முதலாளியம்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா, இது ரிலே.

— தெரியும். நேத்து சாயங்காலம் டவுன்லேர்ந்து ஒரு இன்ஜினியரை வரவழைச்சேன். பத்து நிமிஷம் பார்த்தார். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்லை மேடம், ஸ்டார்டர் பெட்டியில தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரிலே இருக்கும், அதை மட்டும் காணோம்"னார். பத்து நிமிஷம்ணே! நீங்க நாலு நாளா மல்லாக்கப் படுத்து டார்ச் அடிச்சிட்டிருந்தீங்க.

— படுத்தது நிஜம்மா. முதுகு வலியும் நிஜம்.

— வருஷா வருஷம் இதே மாசம், இதே தேதி வாக்குல நிக்குது. சரியா நாப்பது நாள். நாப்பத்தோராம் நாள் தானா எழுந்து ஓடுது. அப்பா அது முன்னாடி நின்னு கெஞ்சுவார், உனக்கு என்ன குறை வச்சேன்னு.

— அவர் வெள்ளந்தியான மனுஷன்.

— பதினாறு வருஷம்! ஒரு மிஷினுக்கு எப்படிக் காலண்டர் பார்க்கத் தெரியும்னு ஊர்ல ஒருத்தருக்கும் தோணலை பாருங்க.

— தோணுச்சும்மா. எல்லாருக்கும் தோணுச்சு. அதனாலதான் யாரும் கேக்கலை.

— என்னது?

— ஒண்ணுமில்லை.

— ரிப்பேர் செலவுன்னு அப்பாகிட்ட எவ்வளவு கறந்தீங்க?

— சல்லிக்காசு கறக்கலை. அந்த நாப்பது நாளும் சம்பளமே வேண்டாம்னுடுவேன். அப்பாவையே கேளுங்க.

— கேட்டேன். "தங்கமான ஆளு, மிஷின் ஓடாதப்ப சம்பளம் தொடமாட்டான்"னார். அதான் எனக்கு மண்டை குடையுது. எந்தத் திருடனாவது சம்பளமில்லாத லீவு போட்டுத் திருடுவானா?

— நான் திருடனில்லம்மா.

— அண்ணே, முதல்ல உட்காருங்க. முதுகு வலின்னு வேற சொல்றீங்க. பத்தரை மாசம் இந்த ஃபேக்டரி கரண்ட் பில்லுக்கும் கூலிக்கும்தான் ஓடுது. மிச்சம்னு ஏதாவது வரணும்னா, மீன் கரையோரமா வந்து மொய்க்கிற இந்த நாப்பது நாள்லதான் வரணும். அந்த நாப்பது நாள் உங்க டிபன் பாக்ஸோட அடி அடுக்குல இருக்கு. இந்த வருஷமும் நின்னா, பூட்டு போட்டுட்டு நான் வேற வேலை தேடவேண்டியதுதான். சொல்லுங்க. யாருக்காகச் செஞ்சீங்க?

— போட்டுக்காரங்க கேட்டாங்க. செஞ்சேன்.

— எந்தப் போட்டுக்காரர்?

— எல்லாரும்.

— வாசல்ல நின்னு "ஐஸ் எங்கே, ஐஸ் எங்கே"ன்னு கத்திட்டுப் போறாங்களே, அவங்களா?

— அவங்களேதான். நான் என்ன சொல்ல வர்றேன்னா, மீன் எதுக்குக் கரையோரம் வருது? முட்டை போட. வயித்தை லேசா அழுத்தினாலே சினை பிதுங்கும். இப்ப அள்ளினா இந்த வருஷத்து மீனோட வர்ற வருஷத்து மீனும் சேர்ந்து வலையில வந்துடும். இது ஊர்ல நண்டுக்குக்கூடத் தெரியும்.

— அப்ப சங்கத்துல உட்கார்ந்து, நாப்பது நாள் யாரும் போகவேண்டாம்னு முடிவு பண்றதுதானே?

— பண்ணினாங்களே! பதினேழு வருஷம் முன்னாடி. இருபத்திரெண்டு போட்டுக்காரங்களும் கை தூக்கினாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள இருபத்திரெண்டு போட்டும் கடல்ல நிக்குது. ஒவ்வொருத்தரும் அடுத்தவன் வர்றானான்னு பார்க்கத்தான் போனாராம்.

— வலையோடயா?

— வெறுங்கையை வீசிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?

— சரி. மேல சொல்லுங்க.

— அடுத்த வருஷம் ஒருத்தர் என்னைத் தேடி வந்தார். சைக்கிள் செயின் கழண்டுபோச்சு, மாட்டிக் குடுன்னு. அந்த மனுஷனுக்குச் சைக்கிளே கிடையாது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம், "ஐஸ் இல்லைன்னா ஒருத்தனும் போகமுடியாதுல்ல?"ன்னார். அடுத்த ஃபேக்டரி மூணு மணி நேரம் தள்ளி. அங்கேர்ந்து கொண்டாறதுக்குள்ள கட்டி பாதி கரைஞ்சிடும். "என் பேரு வெளிய வரக்கூடாது"ன்னுட்டுப் போயிட்டார். மறுநாள் இன்னொருத்தர், தலையில முக்காடு போட்டுக்கிட்டு. அதுக்கு மறுநாள் ரெண்டு பேர். முதல் ஆள் பேசிட்டிருக்கும்போதே வெளிய செருப்புச் சத்தம். இவர் ஓடிப்போய்த் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பதுங்கிட்டார். வந்தவரும் வார்த்தை மாறாம அதையே கேக்கறார்.

— அப்ப பதுங்கினவருக்குத் தெரிஞ்சுபோயிருக்குமே.

— தெரிஞ்சு? மறுநாள் சங்கத்துல ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஐஸ் இல்லாம தன் குடும்பம்தான் ரொம்பக் கஷ்டப்படுதுன்னு.

— இப்படி இருபத்திரெண்டு பேரும் வந்தாங்களா?

— இருபத்திமூணு. ஒருத்தர் மறந்துபோய் ரெண்டு தடவை வந்தார்.

— நல்லா கதை விடறீங்கண்ணே. அப்படியே நிஜம்னு வச்சுக்குவோம். மீன் அவங்க வீட்டுக்கு, நஷ்டம் எங்க வீட்டுக்கா?

— அதை நினைச்சுத்தான்மா சம்பளம் வாங்கலை.

— உங்க சம்பளத்துல ஒரு பல்பு எரியும். ஃபேக்டரி ஓடாது. போங்க, போய் ரிலேயை மாட்டி மிஷினை ஓட்டுங்க.

— அந்தச் சாக்கெட்டு வேற கொஞ்சம்...

— மாட்டுங்கன்னேன். அதோ, சங்கத் தலைவர் மாமா தெருவே கேக்கற மாதிரி கத்திட்டு வர்றார். உங்க கதை நிஜமான்னு அவர் மூஞ்சியிலேயே பார்த்துடறேன். போங்கண்ணே!

— ஒரே வார்த்தை கேக்கறேன் அம்மாடி! ஐஸ் எங்கே? இருபத்திரெண்டு போட்டு கரையில கருவாடாக் காயுது. உங்கப்பா காலத்துலேர்ந்து இதே கூத்து. இது ஃபேக்டரியா, மியூசியமா? வாசல்ல நிக்கறவங்க காதுலயும் விழட்டும்! ஐஸ் எங்கே?

— வாங்க மாமா, உட்காருங்க. நாளைக்குக் காலையில ஐஸ் ரெடி.

— என்னது?

— மிஷின் சரியாயிடுச்சு. நாளைக்கு நூறு கட்டி, நாளன்னைக்கு இருநூறு. முதல் லோடு உங்க போட்டுக்குத்தான்.

— சரியாயிடுச்சா? அது எப்படி? நாலு நாள்தானே ஆகுது?

— ஏன் மாமா, இன்னும் முப்பத்தாறு நாள் பாக்கி இருக்கோ?

— இல்லை... ஒரே வார்த்தை சொல்றேன். மிஷின் விஷயத்துல அவசரம் ஆகாது. அரைகுறையா ஓட்டி வெடிச்சுகிடிச்சு வச்சுதுன்னா? உள்ளே வேலை பார்க்கறவங்க புள்ளகுட்டிக்காரங்க. ஒரு மாசம் நல்லா டெஸ்ட் பண்ணிப் பாரு.

— இப்பத்தான் மியூசியமான்னு கேட்டீங்க.

— மியூசியம் நல்ல இடம்தானேம்மா. அமைதியா இருக்கும்.

— உங்க போட்டுல பாதிக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்கே. மிஷின் நிக்கறதுக்கு முந்தின நாளே டப்பா வாங்கிட்டீங்களாமே?

— அது... பெயிண்ட் மலிவாக் கிடைச்சுது.

— அங்க கேளுங்க. சத்தம் வருதா?

— ங்ங்ங்னு என்னவோ... ஐயையோ, ஓடுதே!

— சந்தோஷத்துல உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது மாமா.

— அம்மாடி, கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு.

— ஒரே வார்த்தை. நிறுத்து.

— அந்தச் சைக்கிள் செயின் நீங்கதானா?

— அவசரத்துல வேற பொய் வரலை.

— ஐஸ் இருந்தா மத்தவங்க போயிடுவாங்கன்னு பயமா?

— மத்தவன் கிடக்கறான். நான் போயிடுவேன் அம்மாடி. சினை மீனுன்னு தெரிஞ்சே அள்ளுவேன். என்னை எனக்குத் தெரியாதா? ஐஸ் இல்லைன்னா நான் நல்லவன்.

— உங்களை நல்லவரா வச்சிருக்கிற செலவு பதினாறு வருஷமா எங்கப்பா தலையில விழுது மாமா.

— அவர் மூஞ்சியைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூசும். அதனாலதான் கொஞ்சம் சத்தமாக் கத்துவேன்.

— இனிமே எங்களால தாங்கமுடியாது. ஒண்ணு நான் ஓட்டணும், இல்லை பூட்டணும். பூட்டினா வெளியூர்க்காரன் பெட்டி லாரி வச்சு ஐஸ் கொண்டு வருவான். அவன் லாரி நாப்பது நாள் நிக்குமா?

— எப்படி நிக்கும்? நம்ம மீன் சினையா இருந்தா அவனுக்கென்ன, செத்தா அவனுக்கென்ன. ஆமா, ஏதோ தீயற வாடை வருதே?

— பக்கத்து வீட்ல அடிப்பிடிச்சிருக்கும். பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. அட, சத்தம் நின்னுபோச்சே!

— நின்னுடுச்சா?

— நிறுத்திட்டான்! நாம பேசினதைக் கேட்டுட்டு நிறுத்திட்டான்! மெக்கானிக், மனுஷன்யா நீ!

— அம்மா, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா...

— நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். எங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

— இல்லை தலைவரே, உங்களுக்குப் புரியலை...

— அண்ணே, அப்படி ஓரமா நில்லுங்க, முக்கியமான பேச்சு. மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. பத்தரை மாசமும் கட்டிக்குப் பத்துல ஒரு பங்கு விலை ஏத்தறேன். அது ஐஸுக்கு இல்லை. இந்த நாப்பது நாள் மிஷின் தூங்கறதுக்கு.

— நியாயம். ஆனா சங்கத்துல எப்படிச் சொல்றது? நிறுத்தச் சொன்னது யாருன்னு கேட்டா?

— இருபத்திரெண்டு பேரும்தான்னு சொல்லுங்க.

— எல்லாருமா? அந்தக் கோடி வீட்டுக்காரனுமா? ஐஸ் இல்லைன்னு போன வருஷம் என்னை அடிக்கத் துடுப்பைத் தூக்கினானே!

— அவர்தான் ரெண்டு தடவை வந்தவர், தலைவரே.

— அடப்பாவி! என்னைவிட நல்லவனா இருக்கானே!

— அப்ப எல்லார் மனசும் ஒண்ணுதானே மாமா. சங்கத்துல வெளிப்படையாப் பேசிடுங்களேன்.

— பேசலாம். பேசினா மறுபடி கை தூக்குவோம். மறுநாள் காலையில போய்ப் பார்ப்போம். வேண்டாம்மா.

— அப்ப ஒண்ணு பண்ணுங்க. விலை ஏத்தினதை வன்மையாகக் கண்டிச்சு ஒரு கடுதாசி குடுங்க. கடைசி வரியில "வேறு வழியின்றி ஒத்துக்கொள்கிறோம்"னு போட்டு இருபத்திரெண்டு கையெழுத்து.

— பிரமாதம்! கண்டிக்கிறதுல எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. முன்பணம் ஏதாவது வேணுமா? உங்க ஃபேக்டரியை எதிர்த்துப் போராட நிதின்னு ஒண்ணு சேர்த்து வச்சிருக்கோம். அதை அப்படியே உன்கிட்ட குடுத்துடறேன்.

— சாயங்காலத்துக்குள்ள குடுங்க.

— குடுக்கறேன். ஆனா ஒரே வார்த்தை. நாங்க குடுக்கறது ஓடற மிஷினை நிறுத்தி வைக்கறதுக்கு. நிஜமாவே கெட்டுப்போன மிஷினுக்கு ஒரு பைசா தரமாட்டோம். அது உன் பாடு.

— இப்பத்தானே உங்க காதால கேட்டீங்க?

— அம்மா, அதைத்தான் நான்...

— அண்ணே, ஒரு நிமிஷம். அப்ப கிளம்புங்க மாமா. போகும்போது வாசல்ல நின்னு கொஞ்சம் திட்டிட்டுப் போங்க.

— அதைச் சொல்லணுமா? கேட்டுக்கோங்கப்பா! ஐஸும் இல்லையாம், விலையும் ஏத்துவாங்களாம்! இது ஃபேக்டரியா, மியூசியமா? போதுமா அம்மாடி?

— இன்னும் ரெண்டு வார்த்தை போடுங்க மாமா.

— வெக்கமா இல்லை!

— போதும். இப்ப சொல்லுங்கண்ணே. எதுக்கு மூஞ்சி இப்படி வெளுத்துப்போய் நிக்கறீங்க?

— பாப்பா... பதினாறு வருஷமாக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி அந்தச் சாக்கெட்டு லொடலொடன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு மாட்டினேனா, மூணு கம்பியில ரெண்டுலதான் கரண்ட் போயிருக்கு. அங்க "ங்ங்ங்"னு கேட்டுதே, அது ஓடின சத்தமில்லை. திணறின சத்தம்.

— அப்ப மிஷினை நிறுத்தினது நீங்க இல்லையா?

— மோட்டார் எரிஞ்சு அதுவா நின்னுது.

— அந்தத் தீயற வாடை?

— நம்மளுதுதான்.

— ஓ.

— என்னை நாலு அறை அறைஞ்சுடு பாப்பா. இப்படி ஓன்னுட்டு உட்காராதே.

— சரி பண்ண எத்தனை நாள்ணே ஆகும்?

— உள்ளே இருக்கற கம்பி மொத்தத்தையும் பிரிச்சு, புதுசாச் சுத்தணும். டவுனுக்குத் தூக்கிட்டுப் போய்த் திரும்ப வந்து மாட்டறதுக்குள்ள முப்பத்தஞ்சு நாள் ஓடிடும்.

— நமக்கு முப்பத்தாறு நாள் இருக்கு. செலவு?

— கண்டிச்சு வர்ற முன்பணத்துக்குள்ள அடங்கிடும். ஆனா கெட்டுப்போன மிஷினுக்குத் தரமாட்டேன்னாரே. தலைவர் இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிடவா?

— உட்காருங்கண்ணே. முதல்ல அந்த ரிலேயைக் கழட்டி டிபன் பாக்ஸுல போடுங்க. கும்பலா வந்து கேக்கறவங்ககிட்ட மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. தனியா வந்து கேக்கறவங்ககிட்ட மட்டும், டப்பாவைத் திறந்து காட்டி, சும்மா பொய்தான்னு சொல்லுங்க.