திருச்சியிலிருந்து ஒரு மணித்தியாலம்

— திருச்சியில ஏறினா கொழும்புக்கு ஒரு மணித்தியாலம். நானூறு கிலோமீற்றர் சொச்சம்தான். விசாரிச்சுப்போட்டுத்தான் கதைக்கிறன், அகஸ்ரினா.

— ஆமா, ஒரு மணித்தியாலந்தான். குடிக்கத் தந்த தண்ணி முடிய முதல் இறங்கிட்டம்.

— ஆமாவோ? ‘ஓம்’ எண்டு சொல்ல மறந்துபோச்சோ? அஞ்சு வருசம் மண்டபம் அகதி முகாமில இருந்து இதைத்தான் படிச்சனீயோ?

— சண்டைக்குள்ள பின்னால வாறன் எண்டு சொல்லிக் கட்டின பெண்சாதியை வள்ளத்தில ஏத்தி விட்டது நீங்கள்தானே. வந்தனீங்களோ?

— கேட்டதுக்குச் சொல்லு. உன்னோட அதே பிளேனில வந்த சனூன் நேற்று விடியவே மன்னாரில வந்து இறங்கிட்டான். பக்கத்தில கிடக்கிற இந்தத் தோட்டவெளிக்கு நீ இண்டைக்குப் பின்னேரம்தான் வாறாய். பஸ் எல்லாருக்கும் ஒரே றோட்டாலதான் ஓடுது.

— சனூன் வேற என்ன சொன்னவர்?

— ஜெயகாந்த் எண்டு ஒருத்தன் உன்ர உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போனவனாம். ரெண்டு பேரும் ஒரே ஓட்டோவில ஏறினீங்களாம். ஆரவன்?

— முகாமில பக்கத்து அறை. எனக்குத் தம்பி மாதிரி.

— தம்பி மாதிரி. நீ போனில கதைக்கேக்க பின்னால ஒரு ஆம்பிளைச் சிரிப்புக் கேக்கும். நான் ஒரு நாளும் வாய் திறக்கேல்ல. நித்திரையில்லாமக் கிடந்தனான், விளங்குதோ?

— விளங்கும். அந்த நித்திரையில்லாமை எனக்கும் தெரியும்.

— எங்க தங்கினனீ?

— நீர்கொழும்பில. எயாப்போட்டுக்குக் கிட்டத்தானே.

— அவன்ர வீட்டிலயோ?

— அவன்ர தமக்கை வீட்டில. அவவை நீங்கள் அறியமாட்டியள். அவ உங்களை அறிவா. நீங்கள் தொழிலுக்கெண்டு அங்க போய் நிண்ட காலத்தில கோயில்ல கண்டவவாம். தோளில ஒரு பிள்ளை நித்திரையாக் கிடந்ததாம்.

— ஆரின்ரையோ பிள்ளையா இருக்கும். கோயில்ல ஆரின்ர பிள்ளையையும் தூக்கிறதுதானே.

— நானும் அப்பிடித்தான் சொன்னன். தமக்கை போனில சொன்னதெண்டு ஜெயகாந்த் அதைச் சொன்ன அண்டைக்கு அவனோட சண்டை பிடிச்சனான். பிறகு மண்டபத்துக் கரையில நிண்டு கடலைப் பாத்தா, தண்ணிக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஆரின்ரையோ மடியில கிடக்கிற மாதிரியே இருக்கும். அதுதான், இறங்கின உடன வீட்டைக் காட்டு எண்டு கேட்டன். வாசல்ல விட்டிட்டு அவன் போயிட்டான்.

— எந்த வீட்டை?

— செலீனான்ர வீட்டை.

— அகஸ்ரினா, நான் சொல்லுறதைக் கேள்.

— அவளின்ர தலைமயிரைத்தான் முதல் பாத்தன். இடுப்புக்குக் கீழ தொங்குது. வயசும் என்னைவிட எவ்வளவோ குறைவு. ஏச வேணுமெண்டுதான் போனனான். உங்கட பேரைச் சொல்லி, பேதுருவின்ர சொந்தக்காரி, மன்னாருக்குப் போற வழி எண்டு மட்டும் சொன்னன். கதிரையை இழுத்துப் போட்டாள், சோறு தந்தாள்.

— சாப்பிட்டனீயோ?

— சாப்பிட்டன். மீன் குழம்புக்கு உங்களுக்குப் பிடிச்ச மாதிரியே புளி விட்டிருந்தாள்.

— அது சண்டைக் காலம். நீ திரும்பி வருவாய் எண்டு ஆர் கண்டது? இப்ப நீ மட்டுந்தான். உனக்காகத்தானே இந்த வீட்டைக் கட்டுறன். போனிலயும் சொன்னனான்தானே.

— ஓம், சொன்னனீங்கள். அதை நம்பித்தான் பிளேன் ஏறினன். நான் வெளிக்கிடேக்க உங்கட மகள் என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டாள்: ‘அன்ரி, மன்னாரில அப்பா எங்களுக்குக் கட்டுற வீட்டுக்கு ஓடு போட்டாச்சோ?’