கல்யாணத்தன்று ஒருத்தருக்குத்தான் லீவு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். அவர் மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"நைனா, கல்யாணத்தன்னிக்கு எனக்கும் அவருக்கும் சேர்ந்தாப்ல லீவு கிடையாதாம். யாராவது ஒருத்தருக்குத்தானாம்."

"இன்னாம்மா சொல்ற? ஒருத்தரே தாலி கட்டிக்க முடியுமா?"

"செல்போன் நெட்வொர்க்குக்கு மெட்ராஸ்ல ஒரு மெஷின், மதுரையில அதுக்கு ஜோடி. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு தாங்கணும். மெட்ராஸ்ல நான் பாக்கறேன், மதுரையில அவரு. ரெண்டு பேரும் ஒரே நாள் நகரக் கூடாது."

"அப்போ கல்யாணம்?"

"பயந்துட்டியா? எங்க மேடம் என் சீட்டுல உக்காந்துக்கறாங்களாம். அவங்கதான் வர முடியாது."



"தாலி ஏறினதும் அந்தம்மாவுக்கு கேரியர்ல சாப்பாடு எடுத்துக்கினு நானே மெட்ராஸ் போறேன்."

"பொண்ணோட அப்பா பந்தியில நிக்க வாணாமா?"

"உங்கம்மா நிப்பா."