ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது

என் வேலை என்னவென்று என் மாமனாருக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது, மேடம். யாராவது கேட்டால், "ஏதோ செல்போன்ல நோண்டுறாரு" என்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் அதுதான் உண்மையும்கூட.

ஒருவர் ஆப் ஒன்றை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருப்பார். அதை எழுதிக் கொடுத்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போயிருப்பார், மூலநிரலும் அவரோடு போயிருக்கும். விளம்பரம் சேர்க்கப் போனாலும் சரி, வேறு எதற்குப் போனாலும் சரி, அந்த ஆப்பின் அடையாளப் பெயரைக் கேட்பார்கள். இவர் திருதிருவென்று முழித்துவிட்டு எங்களிடம் வருவார். போன் திரையில் ஆப்பின் படத்துக்குக் கீழே தெரிகிறதே, அது சும்மா கூப்பிடுகிற பெயர். நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். அடையாளப் பெயர் அப்படியல்ல. சின்ன ஆங்கில எழுத்துகளில், நடுநடுவே புள்ளி வைத்து, உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒரே அடையாளப் பெயரோடு இரண்டு ஆப் ஒரு போனில் இருக்க முடியாது. ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்தால் முகவரியின் கடைசியிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டச் சொன்னால் போதும். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஆபீஸில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

என் தங்கையின் போனிலும் நான் செய்தது இந்த வேலைதான்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து எல்லாம் நான்தான். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதுகூட ஒற்றைக் காலில் நின்று முடித்து வைத்தேன். நல்ல வேலை, மரியாதையான பேச்சு. கை ஓங்குவார் என்பது பிறகுதான் தெரியவந்தது. எந்த வீட்டில்தான் சத்தமில்லை, சொல்லுங்கள்.

ஒருநாள் பாப்பா பையும் கையுமாக வந்து நின்றாள்.

"அண்ணா, கொஞ்ச நாள் இங்கேயே இருந்துக்கறேன்."

"தாராளமா இரு. ஆனா ஒரு தடவை வந்துட்டா அப்புறம் திரும்பிப் போறது கஷ்டம் பாப்பா. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். நான் போகச் சொல்லவில்லை. பையை ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். என் மனைவி மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை என் ஆபீஸுக்கு வந்தார். போனில் சார்ஜ் ஏறவில்லை, உன் அண்ணனிடம் காட்டுகிறேன் என்று சொல்லி அவளிடமிருந்து வாங்கி வந்திருந்தார்.

"மச்சான், இதுல வானிலை ஆப் ஒண்ணு இருக்கு பாருங்க. மழை கொட்டினாலும் காயப்போட்ட துணியை எடுக்க மாட்டா உங்க தங்கச்சி. அவளுக்கு எதுக்கு வானிலை?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போனை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மஞ்சள் சூரியன் படம். திறந்தால் வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் ஒழுங்காகக் காட்டியது. கேபிளைச் செருகி வரிசையைப் பார்த்தேன். அடையாளப் பெயரில் வானிலையின் வாசனைகூட இல்லை. அதைத் தேடிப் பார்த்தபோது, வீட்டில் அடிபடும் பெண்களை அழைத்துப்போய்ப் பாதுகாக்கிற ஓர் அமைப்பு வந்தது. அந்தச் சூரியனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் அவள் இருக்கும் இடம் அவர்களுக்குப் போகும். 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று பதில் வரும். ஆட்கள் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். படத்தை மறைத்தவர்கள், பெயரை மறைத்தவர்கள், அடையாளப் பெயரை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். தொழில் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான்.

மாப்பிள்ளையிடம் நான் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். "வெறும் வானிலைதான் மாப்பிள்ளை. சார்ஜ் போடுற இடத்துலதான் தூசி. ரெண்டு நாள் இங்கே இருக்கட்டும்" என்றேன். நிம்மதியாகப் போனார்.

ஆனால் அதை அப்படியே விடவும் முடியாது. ஏதோ ஒரு கோபத்தில் அழுத்திவிடுவாள். முன்பின் தெரியாதவர்கள் வந்து இறங்குவார்கள். தெருவே வாயைப் பிளந்து பார்க்கும். பிறகு எங்கே போய் ஒட்டவைப்பது? அண்ணன் பார்த்து வைத்த லட்சணம் என்று ஒருவர் விடாமல் பேசுவார்கள். அதனால் அந்த ஆப்பை எடுத்துவிட்டு நானே ஒன்று செய்து வைத்தேன். அதே சூரியன், அதே மஞ்சள், அதே அடையாளப் பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால், அவளுக்குச் சந்தேகம் வந்து ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தாலும் 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்றுதான் காட்டும். பதிப்பு எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் புதுப்பிக்கச் சொல்லியும் கேட்காது. அழுத்தினால் தகவல் எனக்கு வரும். அவளுக்கு 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று பதில் போகும். பதிலே இல்லையென்றால் பயந்துபோவாள் அல்லவா?

போனை வாங்கிக்கொள்ள அவளே வந்தாள்.

"உள்ள இருந்ததெல்லாம் அப்படியே இருக்கா அண்ணா?"

"எதுவும் அழியலை பாப்பா."

முதல் தகவல் வந்தபோது நான் போனேன் மேடம். கைவேலையை விட்டுவிட்டு, வழியில் பழம்கூட வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாதான் கதவைத் திறந்தாள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கியிருந்தாள். "நீ எப்படி அண்ணா?" என்றாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அவள் கண் என் மேல் நிற்கவில்லை. என் தோளைத் தாண்டித் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பழத்தைக் கொடுத்தேன், தண்ணீர் குடித்தேன். கிளம்பும்போதும் அப்படித்தான் நின்றாள்.

அதன் பிறகு நான் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் போய் நின்றால் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வரும், அடி அவளுக்குத்தான் விழும். யாருமே வராதபோதும் ஏன் திரும்பத் திரும்ப அழுத்தினாள் என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். பதில்தான் உடனுக்குடன் போய்க்கொண்டிருந்ததே.

கடைசி நாள், மதியச் சாப்பாடு முடிந்து, ஒரு வாடிக்கையாளருக்கு அடையாளப் பெயர் எடுக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மேஜையில் என் போன் அதிர்ந்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்ந்தபடியே மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது.

"முக்கியமான போன் போல இருக்கே, எடுங்க சார்" என்றார் அவர்.

"இல்லைங்க, வானிலை. மழை வருமாம்."

சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெளியே வெயில் கொளுத்தியது. கொஞ்ச நேரத்தில் போன் அடங்கிவிட்டது. சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை கூப்பிட்டுச் சொன்னபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

என் ஆப்பில் ஒரு பிழை இருக்கிறது. தகவலைப் பார்த்துவிட்டேன் என்று நான் குறிக்காவிட்டால், அவள் போனை ஆன் செய்யும்போதெல்லாம் அது மறுபடியும் அனுப்பும். அன்றைக்கு வந்ததை நான் குறிக்கவில்லை. அதனால்தான் நீங்கள் அவள் போனை ஆன் செய்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவே நின்றிருந்த என் சட்டைப்பையில் சத்தம் வந்தது. நீங்கள் அவள் போனையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். இப்போது என் போனும் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனாலும் இதோ, இந்த இடத்தில், நெஞ்சின் இடதுபக்கம், அதிர்ந்துகொண்டே இருக்கிறது. சாப்பிடும்போதும் அதிர்கிறது, உங்களோடு பேசும்போதும் அதிர்கிறது. கையை வைத்து அமுக்கினாலும் நிற்கமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மேடம்.

ஆமாம். அவளுக்கு வரவேண்டியவர்களை வராமல் செய்தது நான்தான். அவள் உயிர் போய்க்கொண்டிருந்தபோது தகவல் என் கையில் இருந்தது, நான் போகவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் சொந்தக்காரர்களும், அண்ணன் என்று ஒருவன் இருந்தும் பாப்பா அநாதையாகச் செத்துப்போனாள் என்று பேசுகிறார்களாம். அது தப்பு. எத்தனையோ பேர் இருக்கிற இந்த ஊரில், கடைசி மூச்சுவரைக்கும் அவள் கூப்பிட்டது என்னைத்தான்.