நாலாவது கேமரா

அது வேணாங்கண்ணா, கீழ வெச்சிடுங்க. வெல கம்மின்னுதான் எல்லாரும் அதுல கை வெக்கிறாங்க. மேல லேபிளுதான் புதுசு. ஏதோ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடி கழிச்சிப் போட்ட டிஸ்க்கு அது. இருங்க, மாட்டிக் காட்டுறேன். தோ, எத்தினி மணி நேரம் ஓடிக்கீதுன்னு பாருங்க, முப்பத்தெட்டாயிரம். ராவு பகலு நிக்காம ஓடினாலே நாலு வருசத்துக்கு மேல ஆவுது.

வாரண்டியா, ஆறு மாசம் இருக்குது. டிஸ்க்கு போச்சின்னா வேற டிஸ்க்கு குடுப்பாங்க. உள்ள பதிஞ்சது போச்சின்னா அத யாரும் குடுக்க மாட்டாங்க.

கேமரா எங்க மாட்டப் போறீங்க? மாட்டுக் கொட்டாய்க்கா. உங்க ஊரு குடிபாலாவுல மாடு கூடவா திருட்றாங்க. சரே, அப்ப இத எடுத்துக்கோங்க, கேமராவுக்குன்னே செஞ்சது. கேமரா பெட்டி ஒரு நிமிசம் ஓயாம எழுதிக்கினே இருக்கும்ணா, கம்ப்யூட்டர் டிஸ்க்கு அதுக்குத் தாங்காது. வெல ஜாஸ்திதான். ஆனா இதுவும் ஒரு நாளைக்கி சாவும். அதனால மாசம் ஒருவாட்டி நேத்து ரெக்கார்டிங்க ஓடவுட்டுப் பாருங்க. டிவியில படம் தெரியுதேன்னு இருந்துடாதீங்க. டிஸ்க்கு செத்தாலும் படம் தெரியும்.

ஆங், நம்ம கடைக்கும் நாலு கேமரா இருக்குது. இப்பதான் புது டிஸ்க்கு. முன்ன இந்தக் கழிச்சதுதான் கெடந்திச்சி. நல்லதெல்லாம் கஸ்டமருக்கு, மீந்தது நம்மளுக்கு. இந்த வேல செய்றவன் எவன் கடையில வேணா போய்ப் பாருங்க, அப்டிதான் இருக்கும்.

டிஸ்க்கு போச்சின்னா பெட்டி பீப் பீப்னு கத்தும். சங்கராந்திக்கு முன்ன கத்திச்சி. கல்லாவுல எம் பொண்டாட்டி அகிலாதான் ஒக்காருவா. இன்னாங்க, இது கத்திக்கினே கீது, இன்னான்னு பாருங்கன்னா. பாத்தேன். மெனுவுக்குள்ள போய் சத்தத்த நிறுத்திட்டேன். டிஸ்க்க மாத்தல. ஊருக்கெல்லாம் போய் மாட்டிக்கினு இருந்தேன், நம்ம கடதானே, அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன்.

அப்ப உகாதிக்கு நாலு நாள் இருந்திச்சி. காலையில பதினோரு மணிக்கு அகிலா டீ வாங்க எதுர்க்கடைக்குப் போயிருக்கா. வேலூர் பக்கம் போற வண்டி ஒண்ணு அடிச்சிட்டு நிக்காமப் போயிடிச்சி. ஒருத்தர் லாரின்றாரு, ஒருத்தர் வேனுன்றாரு. நான் புத்தூர்ல ஒரு ஸ்கூலுக்கு கேமரா மாட்டிக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.

மறுநாளு எஸ்ஐ வந்தாரு. நாலாவது கேமரா ரோட்டத்தானேப்பா பாக்குது, ஃபுட்டேஜி குடுன்னாரு. போட்டேன். கடைசியா பதிஞ்சது ஜனவரி ஒம்போதாந்தேதி. அவரு எந்திரிச்சிப் போயிட்டாரு.

இல்லண்ணா, ஒக்காருங்க. எனக்கு அழுவக்கூட வரல, இப்பவும் வரல. பில்லு உங்க பேருலயே போட்டுடுறேன். அடிச்சவன் டெய்லி இந்த ரோட்டுலதான் போய்க்கினு வந்துக்கினு இருப்பான். நாளைக்கி இங்கியே வந்து நின்னு டிஸ்க்கு கேட்டாலும், நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்து அனுப்புவேன். யாருன்னு எனக்கு எப்டித் தெரியும்.