கருப்பம்மாள் வாசல் புங்கை

எனக்கு மரம் என்றால் உயிர் சார். உள்ளே வரும்போது உங்கள் தோளில் புங்கம்பூ விழுந்தது, நீங்கள் தட்டிவிடவில்லை. அப்போதே உங்களைப் பிடித்துப்போயிற்று.

இந்தத் தெருவை நீங்கள் முன்பு பார்த்திருக்க வேண்டும். மொட்டை வெயில், தெரு நிறையப் பட்டாசுக் குழாய். வீட்டுக்கு வீடு பெண்கள் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி வாசலில் காயப் போடுவார்கள். என் கார் வந்தால் குனிந்து குனிந்து அள்ளி வழிவிடுவார்கள், பாவம். அச்சகம் வைத்திருக்கும் வீட்டு மருமகள் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தெரு நெடுகப் புங்கங்கன்று வைத்தேன். தண்ணீர் ஊற்றியதெல்லாம் அந்தப் பெண்கள்தான். எதிர்வீட்டுக் கருப்பம்மாள் தன் வாசல் கன்றுக்குச் சேலையைக் கிழித்துப் பந்தலே போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரங்கள் என்னமாய் வளர்ந்தன தெரியுமா? தெரு குளுகுளுவென்று ஆகிவிட்டது. நிழலில் பசை காயாது, குழாயில் பூஞ்சை பிடிக்கும், கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புவான். கன்று வாங்கும்போதே எனக்கு அது தெரியும். பிறந்து வளர்ந்தது சிவகாசியில்தானே. வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக அச்சங்குளம் பக்கம் போனார்கள். அந்த வீடுகளுக்கு டாக்டர் வந்தார், கேக் கடை வந்தது, வாடகை மரத்தைவிட வேகமாக வளர்ந்தது. நான் யாரையும் போகச் சொல்லவில்லை.

கருப்பம்மாள் மட்டும் அசையவில்லை. சொந்த வீடு. குழாய் போனதும் கருந்திரி வாங்கி வந்தாள். வெடிமருந்து பூசிய நூல் அது, வீட்டில் வைக்கவே கூடாது. நிழலில் அதுவும் காயவில்லை. ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“ஒரே ஒரு கொப்பக் கழிச்சுக்கிடட்டுமாம்மா? வெயிலு விழுந்தாத்தான் எங்க வீட்ல உலை கொதிக்கும்.”

பூ விட்டிருந்த கொப்பு சார். எப்படி மனசு வரும்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே காயப் போடச் சொல்லி, எங்கள் பழைய கரன்ட் அடுப்பைக் கொடுத்தேன்.

“மருந்தாச்சேம்மா” என்று தயங்கினாள்.

“இதுல தீயே கிடையாதுக்கா. எங்க அச்சகத்துல மையே இதுலதான் காயுது.”

எங்கள் மை அதிலெல்லாம் காய்வதில்லை. ஆனால் அச்சகக்காரி சொன்னால் நம்புவாள். நல்லாயிருப்பீகம்மா என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். நான் மாடியில் காபியோடு உட்கார்ந்தேன். தெரு முழுக்க ஒரே பச்சையாக இருக்கப்போகிறது என்று எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. காபி ஆறுவதற்குள் சத்தம் கேட்டது.

முதலில் ஓடியது நான்தான், எல்லோரும் சாட்சி. தோட்டத்து ஹோஸை இழுத்துப் போய், மரத்தின் மேல் தண்ணீர் அடித்தேன். ஒரு பக்கம் கருகியதோடு பிழைத்துக்கொண்டது. இப்போது அங்கே தளிர் விட்டிருக்கிறது. அவள் பெயரில் ஒரு பலகைகூட மாட்டியிருக்கிறேன்.

வீட்டின் மேல் ஏன் அடிக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். கருப்பம்மாள் கத்திக்கொண்டிருந்தாள், யாராவது வந்துவிடுவார்கள். மரத்துக்குக் கத்தத் தெரியாதே சார்.